முழங்கை ஊசியும் மருந்தடிக்காத பாத்தியும்



இந்த வாட்டி விதை, உரம், மழை எதுவும் இல்லை. முழங்கை வலியைப் பத்தி எழுதப் போறேன். விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. எங்களுக்கு உடம்புதான் முதல் கருவி. டிராக்டர் ரிப்பேரானா வாடகைக்கு வேற ஓட்டிக்கலாம். கையை வாடகைக்கு எடுக்க முடியாது.

மாமல்லபுரம் பக்கம் வந்து போனவங்களுக்குத் தெரியும், கார் கண்ணாடியை இறக்கினாலே உளிச் சத்தம் கேக்கும். பல்லவர் காலத்துல பாறையைக் குடைஞ்ச ஊர். 1957-ல இங்க சிற்பக் கல்லூரி வந்தது. 2017-ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. சிலைக்குக் கிடைச்ச மரியாதை சரி. அந்தச் சிலையைச் செதுக்கற முழங்கையை யாரும் கேக்கறதில்லை. கருங்கல்லு மேல ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி விழுதுன்னு அவங்களே எண்ணினது கிடையாது. இப்ப கிரைண்டர் வந்துடுச்சு, அடி குறைஞ்சிருக்கு, அதுக்குப் பதிலா அதிர்வு கூடியிருக்கு. வயல்ல நாங்க மம்பட்டி பிடிச்சு வரப்பு வெட்டறது, மல்லாட்டை பிடுங்கறது, கைப்பம்பு வெச்சு மருந்தடிக்கிறது எல்லாமும் அதே முழங்கை, அதே தோள்பட்டைதான். கடற்கரைக்குப் போனா வலை இழுக்கறவங்க. இந்த வலி எல்லா வீட்லயும் இருக்கு.

இப்ப எழுதக் காரணம் எங்க பங்காளி வீட்டுத் தம்பி ஒருத்தர். வயசு நாப்பது. கல்லு வேலை. எட்டு மாசமா வலது முழங்கையோட வெளிப்பக்கம் வலி. தண்ணி நிறைஞ்ச சொம்பைத் தூக்கினா கை நடுங்குது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பார்த்திருக்காங்க. "பி.ஆர்.பி. ஊசி போடணும், ஒண்ணு 12,000, மூணு ஊசி" என்று சொல்லி அனுப்பிட்டாங்க. 36,000 ரூபா. மல்லாட்டை வித்த காசு என் கையில இருக்கும்னு தெரிஞ்சு கேக்க வந்தார். இல்லைன்னா வீட்டுக்காரம்மா கம்மல் அடகுக்குப் போகும். "அண்ணே, போடலாமா?"ன்னு கேட்டார்.

நான் பத்தாவது தாண்டிப் படிச்ச படிப்பு பெருசா ஒண்ணும் இல்லை. டாக்டரும் இல்லை. ஆனா என் தங்கச்சி மக பிசியோதெரபி படிச்சவ. அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, இந்த ஊசியைப் பத்தி உலகத்துல என்னென்ன சோதனை நடந்திருக்குன்னு ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லச் சொன்னேன். ரெண்டு ராத்திரி ஆச்சு. கேட்டு முடிச்ச பிறகு எனக்குத் தோணினதை இங்க சொல்றேன்.

முதல்ல வலி எங்க இருக்குன்னு பார்ப்போம். எங்க ஊர்ல எல்லாத்துக்கும் 'நரம்பு' என்றுதான் பேர். நரம்பு இழுத்துக்கிச்சு, நரம்பு பிசகிடுச்சு. அதனால நரம்புத் தைலம், நரம்பு மாத்திரை, நரம்பு ஊசின்னு காசு போகும். இந்த வலி நரம்புல இல்லை. தசையை எலும்போட கட்டி வைக்கிற கயிறு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தசைநாண்னு பேர். முழங்கை வெளிப்பக்கம் அந்தக் கயிறு எலும்புல பிடிக்கிற இடத்துல வர்றதைத்தான் 'டென்னிஸ் எல்போ'ன்னு சொல்றாங்க. சச்சின் டெண்டுல்கருக்கு 2004-ல வந்து, 2005-ல லண்டன்ல ஆபரேஷன் வரைக்கும் போச்சே, அதேதான். அவர் ஆடினது கிரிக்கெட். இந்தத் தம்பி எதையும் ஆடினது கிடையாது. பேர் மட்டும் டென்னிஸ்.

இதை ரொம்ப நாளா வீக்கம்னு நினைச்சு, வீக்கத்துக்கே மருந்து கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. நாள்பட்ட வலியில வீக்கத்தை விட தேய்மானம்தான் பெருசுன்னு பிறகு தெரிஞ்சுது. கிணத்துக் கயிறு நினைவிருக்கா? சகடையில தேய்ஞ்ச இடத்துல புரி பிரிஞ்சு, நார் நாரா நிக்கும். அது மாதிரி. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதனால தசையில பட்ட காயம் ஆறற வேகத்துல இது ஆறாது. வாரக்கணக்குல இல்லை, மாசக்கணக்குல ஆகும்.

இனி அந்த ஊசி. டெங்கு வந்த வீடுகள்ல 'பிளேட்லெட்' என்ற வார்த்தை எல்லாருக்கும் மனப்பாடம். ரத்தத் தட்டணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 1.5 லட்சத்துல இருந்து 4.5 லட்சம் வரைக்கும் இருக்கும். அடிபட்ட இடத்துல ரத்தத்தை உறைய வைக்கிறதும், காயம் ஆற உதவற சில பொருள்களை வெளிய விடறதும் அதோட வேலை. பி.ஆர்.பி.ன்னா தட்டணுக்கள் செறிஞ்ச பிளாஸ்மா. நம்ம கையில இருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு மிஷின்ல வேகமா சுத்த விடுவாங்க. விதை நெல்லை நாங்க எப்படிப் பிரிக்கிறோம்? முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைச்சு அதுல நெல்லைக் கொட்டினா கனத்த நெல் அடியில போகும், பதர் மேல மிதக்கும். அதே கணக்குதான். சிவப்பணு கனம், அடியில தங்கும். மேல வர்றதுல தட்டணு நிறைஞ்ச பாகத்தை மட்டும் எடுத்து வலிக்கிற தசைநாண்ல ஊசியா போடறாங்க. சொந்த ரத்தம், அதனால ஒவ்வாமைப் பயம் கம்மி.

கேக்கும்போது நல்ல யோசனைன்னுதான் தோணுது. ரத்தம் போகாத இடத்துக்கு ஆறவைக்கிற சரக்கைக் கொண்டு போய்ச் சேர்க்கறாங்க. 2009-ல அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்டு முழங்கால்ல இதைப் போட்டுக்கிட்டு சூப்பர் பவுல் ஆடி, அவர் அணி ஜெயிச்சதுல இதுக்கு ஊரெல்லாம் பேர் வந்துச்சு. ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2010-ல தசைக்குள்ள இதைப் போடக் கூடாதுன்னு தடை போட்டு, இது ஆட்டத் திறனைக் கூட்டறதுக்கு ஆதாரம் இல்லைன்னு 2011-ல எடுத்துட்டாங்க.

இங்கதான் எனக்கு உரக்கடை டானிக் நினைவுக்கு வந்துச்சு.

சில வருஷம் முன்ன மல்லாட்டைக்கு ஒரு டானிக் கொண்டு வந்தாங்க. அடிச்சா காய் எண்ணிக்கை கூடும்னாங்க. அடிச்ச எல்லாருக்கும் அந்த வருஷம் நல்ல காய். கடைக்காரர் போற வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் ரெண்டு பாத்திக்கு மட்டும் அடிக்காம விட்டிருந்தேன். எந்தப் புது மருந்துன்னாலும் அப்படி விடறது என் வழக்கம். பிடுங்கிப் பார்த்தா அதுலயும் அதே காய். அந்த வருஷம் பூ வைக்கிற நேரத்துல மழை சரியா பெஞ்சிருந்துச்சு. மழை செஞ்ச வேலைக்கு டானிக் பேர் வாங்கிடுச்சு.

மருத்துவத்துலயும் இப்படி மருந்தடிக்காத பாத்தி விடறாங்க. பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்குச் சும்மா உப்புத்தண்ணி ஊசி. யாருக்கு எதுன்னு நோயாளிக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தா என்ன வருது?

2010-ல நெதர்லாந்துல குதிகால் தசைநாண் வலி உள்ள 54 பேரை எடுத்தாங்க. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு உப்புத்தண்ணி. ரெண்டு பக்கமும் உடற்பயிற்சி. 24 வாரம் கழிச்சு 100-க்கு மார்க் போட்டுப் பார்த்தா, பி.ஆர்.பி. போட்டவங்க 21.7 மார்க் முன்னேறி இருந்தாங்க. உப்புத்தண்ணி போட்டவங்க 20.5. ரெண்டு பாத்தியிலயும் ஒரே விளைச்சல்.

சின்னச் சோதனைன்னு சொல்லலாம். 2021-ல இங்கிலாந்துல 240 பேரை வெச்சு இன்னொண்ணு முடிஞ்சுது. இங்க ஒரு பாதிக்கு பி.ஆர்.பி., மறுபாதிக்கு ஊசியைத் தோலுக்கு அடியில குத்தினது மட்டும்தான், உள்ள ஒண்ணும் செலுத்தலை. ஆறு மாசம் கழிச்சு மார்க் 54.4, 53.4.

முழங்கைக்கு வருவோம். டென்னிஸ் எல்போவுக்கு ரத்த ஊசி, பி.ஆர்.பி. ஊசி போட்ட 32 சோதனைகளை, மொத்தம் 2,337 பேரோட கணக்கை, காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2021-ல ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. வலியிலயும் கை வேலையிலயும் நோயாளி உணர்ற அளவுக்கு லாபம் இருக்கிறதாத் தெரியலைன்னுதான் முடிவு வந்துச்சு.

"அப்படின்னா நல்லாயிடுச்சுன்னு சொல்ற சோதனையே இல்லையா?"ன்னு கேட்டேன். இருக்குன்னா. 2010-ல நெதர்லாந்துலயே முழங்கைக்கு 100 பேர். ஒரு வருஷம் கழிச்சு பி.ஆர்.பி. போட்டவங்கள்ல 73 சதவீதம் பேருக்கு வெற்றி. மறுபக்கம் 49 சதவீதம். பெரிய வித்தியாசம். இதைத்தான் நிறைய இடத்துல எடுத்துச் சொல்றாங்களாம்.

ஆனா மறுபக்கத்துக்கு என்ன போட்டாங்கன்னு பாருங்க. ஸ்டீராய்டு ஊசி. இந்த ஸ்டீராய்டைப் பத்தி ஆஸ்திரேலியாவுல, பிரிஸ்பேன்ல 165 பேரை வெச்சுப் பார்த்த முடிவு 2013-ல வந்திருக்கு. ஸ்டீராய்டு போட்டா நாலு வாரத்துல வலி பறந்துடும். ஒரு வருஷம் போனா கதை மாறிடுது. ஸ்டீராய்டு போட்டவங்கள்ல 54 சதவீதம் பேருக்கு வலி திரும்ப வந்துச்சு. வெறும் உப்புத்தண்ணி போட்டவங்கள்ல 12 சதவீதம்தான். அதாவது வருஷக் கடைசியில ஸ்டீராய்டு, சும்மா விட்டதை விட மோசம். பூச்சி விழுந்த வயலுக்குப் பக்கத்துல என் வயலைக் காட்டினா என் வயல் பிரமாதமாத்தான் தெரியும். அதுல என் உரத்துக்கு என்ன பெருமை?

அந்த பிரிஸ்பேன் கணக்குல இன்னொரு எண் இருக்கு. உப்புத்தண்ணி ஊசி போட்டவங்கள்ல, பாதிப் பேர் பிசியோதெரபியும் சேர்த்து, பாதிப் பேர் அதுவும் இல்லாம, ஒரு வருஷத்துல 96 சதவீதம் பேர் முழுசாவோ பெருமளவுக்கோ குணமாகிட்டாங்க. இந்த ஒரு எண்ணைத்தான் டாக்டர் முதல்ல நோயாளிக்குச் சொல்லணும்னு நான் நினைக்கிறேன். "தம்பி, இது ஆறும். ஒரு வருஷம் கூட ஆகலாம். கை போயிடாது." இந்தப் பேச்சுக்கு பில் போட முடியாது. அதனாலதானோ என்னவோ யாரும் சொல்றதில்லை.

"எனக்குப் போட்டாங்க, எனக்கு நல்லாயிடுச்சே" என்று உங்கள்ல சிலர் சொல்லலாம். நல்லாயிடுச்சுன்னா சந்தோஷம். ஆனா ஊசி போட்ட பிறகு டாக்டர் என்ன சொன்னார்னு நினைச்சுப் பாருங்க. கொஞ்ச நாளைக்குக் கனம் தூக்காதே, பிறகு படிப்படியா உடற்பயிற்சி பண்ணுன்னு சொல்லியிருப்பார். அந்தத் தம்பி எட்டு மாசமா ஒரு நாள் லீவு போடலை. போட்டா கூலி இல்லை, ஆர்டர் நிக்கும். 12,000 கொடுத்து ஊசி போட்டா மட்டும், "இவ்வளவு செலவு பண்ணிட்டு வேலை செய்யலாமா"ன்னு முதலாளியும் வீட்லயும் ஓய்வு கொடுப்பாங்க. கடைசியில அவர் அந்தக் காசுக்கு வாங்கறது என்னன்னா ஓய்வு எடுக்க ஒரு அனுமதி. அதை இதை விட மலிவா வாங்க வழி இருக்கணும்.

வேற என்னதான் செய்யறது? தசைநாணுக்கு அளவான பாரத்தை மெதுவா ஏத்தி ஏத்திப் பழக்கணும். சும்மாவே கிடந்தா அது பலம் பெறாது, ஒரே அடியா பாரம் ஏத்தினாலும் தாங்காது. ஸ்வீடன்ல உமியோ என்ற ஊர்ல ஆல்ஃபிரட்சன் என்ற டாக்டர் 1998-ல எழுதினது இதுக்கு வழி காட்டுச்சு. குதிகால் தசைநாண் வலியால ஓட முடியாத 15 பேரை, படிக்கட்டு ஓரத்துல நின்னு குதிகாலை மெதுவா இறக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 15 பேரும் திரும்ப ஓடினாங்க. அதுவும் சின்னச் சோதனைதான், மருந்தடிக்காத பாத்தியும் ஒழுங்கா விடலை. உடற்பயிற்சியும் மந்திரம் இல்லைன்னு தங்கச்சி மகளே சொன்னா. ஆனா செலவு இல்லை, கெடுதல் கம்மி, காலமும் கூடவே வேலை செய்யுது.

முழங்கைக்கு அவ காட்டிக் கொடுத்தது இது. முன்கையை மேசை மேல வைக்கணும், உள்ளங்கை கீழ பார்த்திருக்கணும், மணிக்கட்டு விளிம்புக்கு வெளிய இருக்கணும். கையில அரை லிட்டர் தண்ணி பாட்டில். மறு கையால மணிக்கட்டை மேல தூக்கி விட்டு, வலிக்கிற கையால மெதுவா, நிதானமா இறக்கணும். லேசான வலி இருந்தா பரவாயில்லை. மறுநாள் காலையில வலி கூடியிருந்தா நேத்து செஞ்சது அதிகம்னு அர்த்தம், குறைச்சுக்கணும். ஒரு தடவையாவது தெரிஞ்சவங்க கிட்ட நேர்ல காட்டிக் கத்துக்கணும்னும் சொன்னா. கூடவே வேலையையும் மாத்திப் பிடிக்கணும். சுத்தியல் கைப்பிடி கைக்கு ஏத்த பருமனா இருக்கணும், ஒரே வேலையை மணிக்கணக்கா செய்யாம நடுவுல மெருகு வேலைக்கு மாறணும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கறேன். திடீர்னு 'டப்'புன்னு அறுந்த மாதிரி இருந்து கையையோ காலையோ அசைக்க முடியலைன்னா, மரத்துப் போச்சுன்னா, வீங்கிச் சூடா காய்ச்சலோட வந்தா, அது வேற கதை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சர்க்கரை உள்ளவங்களுக்குத் தசைநாண் சீக்கிரம் கெடும். மருந்துக்கடையில சீட்டு இல்லாம வாங்கற சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் தசைநாணையே அறுக்கலாம்னு அமெரிக்க மருந்துத் துறை 2008-லயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வெச்சிருக்கு. மூட்டுத் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. போடறது தனி விஷயம், அதைப் பத்தி நான் இங்க பேசலை.

அந்தத் தம்பிக்கு நான் என்ன சொன்னேன்னு கேப்பீங்க. "காசு வேணும்னா தர்றேன், ஆனா முதல்ல மூணு மாசம் பாட்டிலைத் தூக்கு. அதுக்கு நடுவுல வர்ற கூலி நஷ்டத்துக்கு இந்தக் காசுல இருந்து எடுத்துக்கோ"ன்னேன். இப்ப அஞ்சு வாரம் ஆகுது. வலி இருக்கு, சொம்பு தூக்கறார். இதை வெச்சு நான் ஜெயிச்சேன்னு சொல்ல மாட்டேன். ஒரு ஆளு ஒரு பாத்தி மாதிரி. ஒரு பாத்தியை வெச்சு விளைச்சல் சொல்லக் கூடாது.

கடைசியா அரசாங்கத்துக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்ட் 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சாங்க. பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரையோட, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கறதும் அந்தத் திட்டத்துல உண்டு. நல்ல திட்டம். எங்க பக்கத்துல அதைப் பக்கவாதம் வந்து படுத்துட்டவங்களுக்கு மட்டும்னுதான் ஜனங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. உளி பிடிக்கிறவங்க, நாத்து நடறவங்க, வலை இழுக்கறவங்க எல்லாரையும் படுக்கறதுக்கு முன்னாடியே அந்த பிசியோதெரபிஸ்ட் பார்க்கணும். மாசத்துல ஒரு நாள் சிற்பக் கூடங்களுக்கு வரட்டும், ஒரு நாள் நூறு நாள் வேலை நடக்கற இடத்துக்கு வரட்டும். எந்த ஊசியையும் விட அது எங்களுக்குப் பெரிய உதவி.

பட்டணத்து நண்பர்களே, கம்ப்யூட்டர் மவுஸ் பிடிக்கிற உங்களுக்கும் இதே வலி வருதுன்னு தெரியும். உங்களுக்கு 36,000 பெரிய காசா இல்லாம இருக்கலாம். ஆனா நீங்க கேள்வி கேக்காம கொடுக்கற விலைதான் நாளைக்கு எங்க ஊர் ஆஸ்பத்திரியிலயும் விலை ஆகுது. அதனால யாராவது ஊசின்னு சொன்னா டாக்டர் கிட்ட பணிவாவே ரெண்டு கேள்வி கேளுங்க. "சும்மா விட்டா என்ன ஆகும் சார்? எதோட ஒப்பிட்டு இது நல்லதுன்னு சொல்றாங்க?" பதில் தெளிவா வந்தா யோசிங்க. வரலைன்னா அரை லிட்டர் பாட்டில் வீட்லயே இருக்கு.

அடுத்த வாரம் சவுக்கு வெட்டு ஆரம்பம். அதைப் பத்தி எழுதறேன்.